விசிலும் கொக்கியும்

மைசூர் மைன்ஸ், கே.ஜி.எஃப்.
8 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய கிளமெண்ட் மச்சானுக்கு,

ஜெயகரன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஷைலாவும் கர்த்தர் கிருபையால் நலம். எட்டு வருடமாக உங்களோடு பேசாதவன் இப்போது எழுதுகிறானே என்று யோசிக்க வேண்டாம். கோபம் அப்படியே இருக்கிறது. உங்கள் மகள் ரெபேக்காவின் திருமண அழைப்பிதழ் வந்தது. உறையில் ஷைலாவின் பெயர் மட்டும். போவதா வேண்டாமா என்று பத்து நாளாக யோசித்தேன்.

முதலில் நல்ல செய்தி. நம் ரயில் கொக்கிக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது. பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போகிறவர்கள் சாப்பாட்டுப் பையை மாட்ட, மேல்பலகைக் கம்பியைக் கவ்விக்கொள்ளும் அதே கொக்கிதான். துணி கிளிப்பின் ஸ்பிரிங்கைப் போடலாம் என்று அன்று சொன்னது நீங்கள். அதனால் கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் எழுதினேன். மூத்தவர் என்பதால் முதலில் எழுதினேன், வேறு காரணம் கிடையாது. ஷைலா அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுத் திருப்பினீர்கள். கூடவே எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

விசில் விஷயத்தையும் நான் மறக்கவில்லை. தண்ணீர் டிரம் நிறைந்ததும் தானே ஊதுகிற அந்த விசிலுக்கு இரண்டு வருடம் உழைத்தேன். நான் விண்ணப்பிக்க இருந்த வாரத்தில், என்னைக் கேட்காமல், அதை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வைத்தீர்கள். பூசணிக்காய்க்கும் கேக்குக்கும் நடுவே, வாளியில் தண்ணீர் ஊற்றி, சபை முழுவதற்கும் ஊதிக் காட்டினீர்கள். சபைப் பத்திரிகையில் படமும் வந்தது. ஏற்கெனவே ஊர் பார்த்த பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்று தள்ளிவிட்டார்கள். சட்டம் சரிதான். தவறு உங்களுடையது.

சென்ற செவ்வாய் காலை, ஆறு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் கொக்கியின் சான்றிதழை ஷைலாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு விசில் ஊதியது. பிறகு பக்கத்து வீடு, பிறகு வரிசை முழுவதும். ஏலத்தில் பார்த்ததை வைத்து எல்லோரும் செய்துகொண்டார்கள். ராபர்ட்சன்பேட்டையில் கோவிந்தராஜ் தன் கடையில் கூடை நிறைய வைத்து விற்கிறார். அந்தச் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவது என் வழக்கம். அன்றும் எழுந்தேன். அப்போது ஷைலா சொன்னாள்:

"இன்னாங்க, அன்னிக்கு பேட்டன்ட் கெடச்சிருந்தா இது நம்ம ஊட்ல மட்டும்தானே ஊதியிருக்கும்?"

ஜன்னல் கதவைப் பிடித்தபடியே சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. கடைசி வீட்டு வாணியின் டிரம் மட்டும் ஆடு கத்துவதுபோல ஊதியது. விசில் குழாயைக் கோணலாக வெட்டியிருந்தார். நானே போய்ச் சரிசெய்து கொடுத்தேன். காபி கொடுத்தார்.

தனியாகவே கல்யாணத்துக்குப் போவதாக ஷைலா பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். அதில் என் வெள்ளைச் சட்டையையும் வைக்கச் சொல்லிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை, 15ஆம் தேதி மதியம் வேலூர் பஸ்ஸில் வருகிறோம். உங்கள் வீட்டில் இடமில்லையென்றால் லாட்ஜில் தங்குகிறேன். இருந்தால், மறுக்க மாட்டேன்.

ரெபேக்காவின் இல்வாழ்க்கையைக் கர்த்தர் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னைக் கண்டுபிடிப்பாளர் என்றெல்லாம் சொல்ல வேண்டாம். பெண்ணின் மாமா என்று சொல்லுங்கள். அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜெயகரன்