செக்ரோலில் இல்லாதவன் அடித்த கோல்

அன்புள்ள சேகர் மச்சான்,

நீ போய் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. இத்தனை நாள் எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்றால், கோபத்தில் இருக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். பாதிக் கோபம் மலாக்கா டவுனில் ஒரு மாடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மேல். மீதி உன் மேலும் என் மேலும்.

முதலில் ஊர் விஷயம். உன் பேக்டரியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்ததிலிருந்து எல்லா இடத்திலும் இதே பாட்டுத்தான். உன் தங்கச்சி செல்வி நன்றாக இருக்கிறாள். என்னோடு குப்பை கொட்டுகிறவள் எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ அவ்வளவு நன்றாக.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்துத் தமிழர்களைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியம் போடுகிறார்கள். கோயில், பள்ளிக்கூடம், சங்கம், நாடகம் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டுரை. தெரிந்தவர்கள் எழுதி அனுப்பலாம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நாம் தோட்டங்களுக்கிடையிலான கால்பந்துக் கோப்பையை ஜெயித்தோமே, அந்த ஒரு சீசனைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். செர்காம் பக்கத்திலிருந்து ரெம்பியா வரை எட்டுத் தோட்டம், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு ஞாயிறுதோறும் லாரியில் ஏறிப் போய் ஆடியது, மழையில் நடந்த இறுதியாட்டம், எல்லாம் எழுதினேன். கடைசிக் கோலை அடித்தவன் பேரை மட்டும் எழுதாமல் நழுவிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. தொழில்முறைப் போட்டி அல்லவாம். தனிக் கட்டுரை போடும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லையாம்.

சும்மா விடுவேனா? அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். பதிப்பாசிரியர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர்தான், கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"தம்பி, கோபப்படாதீங்க. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு கோப்பை இருந்துச்சு. எல்லாத்தையும் போட்டா புத்தகத்தை லாரியிலதான் ஏத்தணும்."

"எல்லாத்தையும் போடச் சொல்லல சார். ஒரே ஒரு சீசன். எட்டுத் தோட்டத்து ஜனமும் வேற பேச்சே பேசாத சீசன்லா அது."

"அதை நீங்க சொல்றீங்க. ஆடுன டீம்காரரே சொன்னா எப்படி? வெளியாளு யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களா?"

யார் எழுதி வைத்தார்கள், மச்சான்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முடிவைத் திங்கள் காலைப் பெரட்டில், ஆள் எடுக்கிற இடத்துப் பலகையில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சாக்பீஸால் எழுதுவார். எல்லோரும் நின்று படிப்போம். மறுநாள் அதைத் துடைத்துவிட்டு வேலைப் பிரிவை எழுதிவிடுவார். சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்கு ஏடு இருக்கிறது. காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, அதற்கப்புறம் ஆடியவனுக்கு ஏன் இல்லை? கேட்டால், விதிமுறை என்கிறார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். செல்வி உங்கள் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு நாம் படித்த அதே செய்தி; உங்கள் அம்மா வெட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. மூன்றே வரி. இறுதியாட்டத்தில் நம் தோட்டம் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் மணியம்.

மணியம்! நான்! கணுக்கால் வீங்கிப்போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நான்!

உனக்குத் தெரிந்ததுதான், நாளைக்கு இதை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று சொல்லிவிடுகிறேன். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பேர் உள்ளவன்தான் ஆடலாம் என்பது அந்தக் கோப்பையின் சட்டம். நீ சில மாதம் முன்னால்தான் பேர் வெட்டிக்கொண்டு டவுனுக்கு பேக்டரி வேலைக்குப் போயிருந்தாய். என் கால் பிசகியதும், "ஒன் பேரைக் குடுடா, ஒரு ஆட்டம்தானே" என்றாய். சட்டையை இரவல் கேட்பதுபோலக் கேட்டாய், நானும் கொடுத்தேன். நிருபர் கிராணியின் பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார். படித்துவிட்டு நீ வயிறு வலிக்கச் சிரித்தாயே, அன்றைக்கே திருத்தம் போடச் சொல்லியிருக்கக் கூடாதா? கோப்பை பறிபோகும் என்று இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அப்புறம் ஒரு நாள் நீ மோட்டார் சைக்கிளில் போனாய், திரும்பி வரவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அட, கோல் அடிச்சதே நீங்கதானா! முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி? அரைப் பக்கம் போட்டுடலாம். ஒங்க படம் ஒண்ணு குடுங்க."

மச்சான், உன்னிடம் மறைக்க முடியாது. நான் மறுக்கவில்லை. விவரம் யாவும் சரி என்று கையெழுத்துப் போடுகிற பாரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ரெம்பியா வரும்வரை எந்தச் சட்டை போட்டுப் படம் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செல்வி பாரத்தைப் படித்தாள். "அண்ணன் இருந்தா சிரிச்சிட்டுப் போயிரும். எனக்குச் சிரிப்பு வரலைங்க" என்றாள். கையெழுத்துப் போடாமல் பாரத்தை மறுபடி மடித்து வைத்தேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால் சட்டப்படி நாம் தோற்றவர்கள். நம் ஆட்கள் அத்தனை பேரின் வெற்றியையும் நான் ஒருவன் எப்படித் திருப்பிக் கொடுப்பது? யோசித்து, தோற்றவர்களிடமே போனேன். செர்காம் பக்கத்துத் தோட்டத்தின் அப்போதைய கேப்டன் சுப்ரா அண்ணன் இப்போது பசாரில் மீன் விற்கிறார். "அண்ணே, கோல் அடிச்சது நானில்ல, சேகர்" என்றேன். மீனை வெட்டிக்கொண்டே சிரித்தார்.

"தெரியும்லா! ஒன் ஓட்டம் எனக்குத் தெரியாதா? நீ ஓடுனா ஆமை முந்திரும். எங்க கோல்கீப்பர் மட்டும் என்னா, செக்ரோல்லயா இருந்தான்? ஜாசின்ல டாக்சி ஓட்டிக்கிட்டிருந்தான். நாங்க வாயத் தொறந்திருந்தா எங்க வண்டவாளமும் தண்டவாளம் ஏறியிருக்கும்."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "அவன் அடிக்கறப்போ பக்கத்துல நின்னது நான்தான். தோத்தவன் எழுதித் தரேன், கொண்டு போ." அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அதோடு மூன்றாம் முறை போனேன். பெரியவரின் முகம் மாறிவிட்டது. "பேப்பர்ல வந்தது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதை ஆதாரம்னு காட்டுறது? இந்தக் கடுதாசியைக் கொண்டு போனா குழுவில என்னைத்தான் கேப்பாங்க."

"பொய்க்கு அரைப் பக்கம் குடுத்தீங்களே சார், உண்மைக்கு நாலு வரி கெடையாதா?"

அவர் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்து, அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கலாம் என்றார். பேசிப் பார்க்கலாம் என்றால் நம் சங்கங்களில் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சீசனுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று கேட்கப் போனவன், ஒரு மனிதன் இருந்தானா இல்லையா என்று வாதாடிவிட்டு வந்தேன்.

அவர் எதிரிலேயே அந்தப் பாரத்தில் என் பேரை அடித்துவிட்டு உன் பேரை எழுதினேன். உங்கள் அப்பா பேரையும் சேர்த்து, முழுசாக. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த ஒரு தாளில் நீ இருக்கிறாய்.

முடிவு தெரியும்வரை மாதம் ஒருமுறை அந்த மாடி ஏறுவேன். வேண்டாம் என்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நம் கோப்பை அந்தப் புத்தகத்தில் ஏறினால் உன் பேரோடு ஏறும். உன் பேர் வேண்டாம் என்றால் எங்கள் கோப்பையும் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். இது செல்வி மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
மணியம்