ரப்பர் வாசம் தெரியாத மூக்கு

இன்று கரவனெல்ல பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் மடியில் நம் பை இருந்தது. பன் புல் பாயை வெட்டித் தைத்த கையளவுப் பை, சிரட்டைப் பொத்தான், கழுத்தில் சணல் கயிறு. ஓரத்தைப் பார்த்ததுமே உன் தையல் என்று தெரிந்துவிட்டது. என் தையல் அவ்வளவு நேராகப் போகாது. நீ இருந்தபோதும் போகாது, இப்போதும் போகாது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, உன் பை மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

முழங்கால் வலியோடு நீ ரப்பர் மலையில் பால் வெட்ட ஏறி இறங்கிய காலம் அது. கித்துல்கல ஹோட்டலை நடத்தும் சிங்கள அம்மா, நம் நோனா, கல்யாண விருந்தாளிகளுக்குத் தேத்தூள் போட்டுக் கொடுக்கப் பைகள் கேட்டார். "இது சரியா வந்துச்சுன்னா நான் மலைக்கே போகத் தேவையில்ல புள்ள. வீட்டுல ஒக்காந்தே பொழைச்சுக்குவேன்" என்றாய். அப்படிச் சந்தோஷமாக உன்னை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெட்டிய பன் ஓரம் பிரிந்து பிரிந்து வந்தது. நம் தோட்டத்தில் பிய்ந்த செருப்பிலிருந்து எதை ஒட்டவும் ரப்பர் பால்தானே. ஓரத்தில் பாலைத் தடவி ஒட்டி, அதன்மேல் தைத்தோம். கல் மாதிரி நின்றது. நமக்கு ஏகப் பெருமை.

எல்லாம் முடிந்து ஹோட்டலுக்குக் கொண்டுபோகும் வழியில், நாம் நூல் வாங்கும் கடைக்கார நானாவிடம் ஒன்றைக் காட்டினோம். திறந்து பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தங்கச்சி, ரப்பர் நாத்தம் அடிக்குதே. இதுக்குள்ள தேத்தூளப் போட்டா யாரு குடிக்கிற?"

நான் வாங்கி மோந்தேன். பன் வாசம் மட்டும்தான். நீயும் மோந்தாய், உனக்கும் அப்படித்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவரு கெடக்குறாரு, வா போவோம். நமக்கு அடிக்காத நாத்தம் அவருக்கு மட்டும் அடிக்குதாக்கும்" என்றேன், அவர் காதில் விழும்படியே.

நீ நகரவில்லை. "நம்ம பொறந்ததுலயிருந்து அதுலதானே கெடக்குறோம். நமக்கு எப்பிடித் தெரியும் புள்ள? அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய்.

நேரே ஹோட்டலுக்குப் போய், பைகளில் ரப்பர் வாசம் இருக்கிறது, இன்னும் சில நாள் வேண்டும் என்று நோனாவிடம் சிங்களத்தில் நீயே சொன்னாய். ஓடர் கைவிட்டுப் போகப்போகிறது என்று நான் பின்னாலிருந்து உன் சேலையை இழுத்துக்கொண்டிருந்தேன். நோனா யோசித்துவிட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் வரைக்கும் தவணை தந்தார். நீ ஒவ்வொரு பையையும் பிரித்தாய். பால் பட்ட ஓரத்தை வெட்டி எறிந்து, பருத்தித் துணியை மடித்து வைத்து மறுபடி தைத்தாய். பை இரண்டு விரல் சிறுத்துவிட்டது. நோனா வாங்கி மோந்து பார்த்து "லஸ்ஸனய்" என்றார். அழகாம். பிறகு வந்தவர்களும் அந்த அளவையே கேட்டார்கள். நீ மலையை விட்டு இறங்கினாய்.

உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்க்கவில்லையடி. தன் மூக்கே தன்னை ஏமாற்றும் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

போன வாரம் உன் மகள் வந்திருந்தாள். கல்யாணமாகி ரத்தினபுரி டவுனோடு போய்விட்டவள். உன் பெட்டியைத் திறந்து, நீ மலைக்குக் கட்டிப்போன பழைய சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா வாசம் அப்பிடியே இருக்குங்க சித்தி. ரப்பர் பால் வாசம்" என்றாள்.

நான் வாங்கி மோந்தேன். முகத்தை அழுத்தி மறுபடியும் மோந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெறும் துணி. சேலையை அவள் கையிலேயே கொடுத்து, "இருக்காம்மா? நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க சித்தி" என்றாள்.

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.