காளி படியிறங்கிய பங்குனி

பங்குனி 2, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. கீழே குழாயில் பிடித்து மூன்று மாடி தூக்கினேன். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமந்த தோள், இப்போது அரை வாளிக்கு இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறது.

எனக்கு எழுத்து தெரியாது. இந்தப் போனில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தம்பி காளி சொல்லிக் கொடுத்தது. "கோவம் வந்தா இதுகிட்ட சொல்லுண்ணே, எங்கிட்ட கத்தாத" என்றான். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறேன், அவன் காதில் விழாமல். எழுதியதை நான் படிக்க முடியாது. நல்லதுதான்.

நேற்று கோயிலில் விரத மாலை போட்டுக்கொண்டேன். உத்திரத்துக்குக் காவடி. வழக்கம்போல் காளியின் நடக்காத காலுக்காக. வீட்டில் மீன் கிடையாது, முட்டை கிடையாது. மீன் புளிக்க வைத்த ஙப்பி ஜாடியைத் துணி கட்டிப் பரணில் ஏற்றினேன். காளி பாயில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

வாங்க வேண்டியது: விபூதி, மயில் இறகு கொஞ்சம் (பழையது பூச்சி அரித்துவிட்டது), காளிக்கு இருமல் மருந்து.

பங்குனி 4, செவ்வாய்

உதவி ஆபீஸ் அம்மா டோ கின் வந்தாள். படி ஏறி வந்ததில் முகம் சிவந்து போயிருந்தது. இத்தனை வருஷமாக அந்த ஆபீஸிலிருந்து மாதம் ஒரு பை வரும். அரிசி, எண்ணெய், சோப்பு. கூடவே காளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு என்று கொஞ்சம் காசு. நான் கைநாட்டு வைத்து வாங்குவேன். அதில்தான் காவடிச் செலவும். காளிக்காக எடுக்கும் காவடி, காளிக்கு வரும் காசு. அதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தோன்றியதில்லை.

இனிமேல் பை கிடையாதாம். முழுக்கக் காசு. அதுவும் காளியின் போனுக்கே வருமாம். யாரை வேலைக்கு வைக்க வேண்டும், என்ன செய்துகொள்ள வேண்டும், எல்லாம் அவனே சொல்ல வேண்டுமாம். வைத்த ஆள் பிடிக்காவிட்டால் அவனே நிறுத்தலாமாம்.

நான் சொன்னேன், "அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்மா. எழுதிக்கோங்க."

டோ கின் சிரித்தாள். மரியாதையான சிரிப்பு. இங்கே பெரியவர்களை ஊலே என்பார்கள், மாமா என்கிற மாதிரி. "ஊலே, கொஞ்ச நேரம் வெளியே இருக்கீங்களா? அவர் வாயால கேக்கணும்."

என் வீட்டிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. போனேன். கதவு சரியாகச் சாத்தாது. காளி பர்மா பாஷையில் பேசினான். நிறுத்தாமல் பேசினான். நடுவில் சிரித்தான். எங்களுக்குள் தமிழ்தான். அதில் இவன் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேப்பர் படித்தே அந்தப் பாஷையைப் பிடித்தவன். காலையில் ஜன்னல் வழியாகத் தெருவுக்குக் கயிற்றை இறக்கி, கிளிப்பில் பேப்பர்க்காரன் மாட்டியதை இழுத்து, கடைசி எழுத்து வரை படிப்பான்.

மூச்சைப் பிடித்துக் கேட்டும் பாதிதான் காதில் விழுந்தது. "கீழே போகணும்" என்றது மட்டும் தெளிவாக.

பங்குனி 5, புதன்

கோ மியோ வந்தான். தெருமுனையில் சைக்கா என்கிற சவாரி சைக்கிள் மிதிக்கிறவன். முப்பது வயது இருக்கும், பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. காளி அவனை வேலைக்கு வைத்திருக்கிறான். காலையில் குளிப்பாட்ட, கீழே இறக்க, சைக்காவில் சுற்ற, திரும்ப ஏற்ற.

"நான் எதுக்குடா இருக்கேன்?" என்றேன்.

"நீ இருண்ணே. நீ அண்ணனா இரு."

அது என்ன பேச்சோ.

குளியலறைக்கு வெளியே நின்று கேட்டேன். மியோ ஒவ்வொரு குவளைக்கும் கேட்கிறான். ஊத்தவா? தலைக்கு ஊத்தவா? முதுகு தேய்க்கவா? காளி உம் என்றால்தான் தண்ணீர் விழும் சத்தம். வேலைக்காரனுக்கு என்ன பவிசு என்று நினைத்தேன்.

பிறகு காளியின் தலையைத் துவட்டப் போனேன். மியோவே துவட்டியிருந்தான். காதுக்குள் ஈரம் விட்டிருந்தான். சொல்லிக் காட்டினேன்.

பங்குனி 8, சனி

சொல்லவே வாய் வரவில்லை.

மேலேயிருந்து பார்த்தேன். கீழே மொகிங்காக் கடை, மீன் குழம்பில் சேமியா போட்டுத் தருவார்கள். குட்டை நாற்காலியில் காளி. மியோ பக்கத்தில் குந்தியிருக்கிறான். காளியின் கையில் கிண்ணம். மீன் குழம்பு, அவித்த வாத்து முட்டை. விரத நாளில்! உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறான். மூக்கில் வேர்வை வடிகிறது, துடைக்கவில்லை.

இறங்கி ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. நான் போவதற்குள் இரண்டாம் கிண்ணம் வந்திருந்தது.

பாக்குக் கடை ஜமால் பாய் பார்த்துச் சிரித்தார். "வா ராமசாமி. உன் தம்பி இன்னிக்கு மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கான் பாரு. இத்தன வருஷம் இந்தக் கட்டடத்துல இருந்து, இன்னிக்குத்தான் அவன் மூஞ்சிய நேர்ல பாக்குறேன். மேலேருந்து தலை மட்டும் தெரியும்."

"விரதம் பாய்."

"யாருக்கு?"

"அவனுக்காகத்தான்."

"அவன் திங்கிறானே!" பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். தெருவே சிரித்தது. கோபத்தில் கிண்ணத்தைத் தட்டிவிடக் கை போயிற்று. மியோ குறுக்கே கையை நீட்டினான். முரட்டுத்தனமாக இல்லை. குழந்தை விழப் போனால் நீட்டுவோமே, அப்படி.

மேலே வந்தபின் சண்டை.

"ஏண்டா காளி, அம்மா நேர்ந்துக்கிட்டதுடா இது. அம்மாவுக்கப்புறம் நான் தோள்ல ஏத்திக்கிட்டேன். வாயில வேல் குத்திக்கிட்டுப் போயிருக்கேன். யாருக்காக?"

"எனக்காகன்னு நீ சொல்ற. நான் எப்பண்ணே கேட்டேன்?"

"கேக்கணுமா?"

"ஒவ்வொரு பங்குனியும் நீ மாலை போடுவ. எனக்கு மீன் நின்னுபோகும். நீ காவடி தூக்கிட்டு வந்து என் காலைத் தொட்டுப் பாப்ப. சூடு வந்திருக்கா, அசையுதான்னு. நான் கண்ணை மூடிக்குவேன். உன் மூஞ்சியப் பாக்க முடியாது. எனக்கு இந்தக் கால் பழகிப்போச்சுண்ணே. உனக்குத்தான் பழகல."

தோளில் கிடந்த துண்டை உதறிக் கொடியில் போட்டேன்.

"இந்த வருஷம் என் பேருல எடுக்காத."

பங்குனி 11, செவ்வாய்

வெயில் கொளுத்துகிறது. தகரம் நெளிகிற மாதிரி சத்தம். மருந்து வாங்கவில்லை, இருமலும் நின்றுவிட்டது.

எல்லாம் ஞாபகம் வருகிறது. என் ஞாபகம் எனக்கே எதிரி. காளிக்குக் காய்ச்சல் வந்த நாள் மழை. அவனுக்கு நாலு வயது. பச்சை நிஜார், இடது பக்கம் பொத்தான் கிடையாது. அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். நான் பின்னால் குடை பிடித்து ஓடினேன், குடை அவர்கள் தலைக்கு எட்டவில்லை. திரும்பி வரும்போது அவன் கால் அம்மாவின் இடுப்பில் துணி மாதிரி தொங்கியது. அப்புறம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் மூன்று மாடி ஏறி வந்து, காளியைப் பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் சேலை மஞ்சள். நான் கல்யாணம் கட்டாமல் நிற்க வேண்டும் என்றும் காளி கேட்கவில்லைதான்.

சாயங்காலம் காளி சொன்னான். தாகேதாவில் கீழ்வீடு ஒன்று இருக்கிறதாம். ஒரே அறை, வாசலில் படி இல்லை. அடுத்த வாசல் மியோவின் குடும்பம். வாடகையும் மியோவின் கூலியும் வருகிற காசுக்குள் அடங்குமாம். டோ கின் வந்து பார்த்துச் சரி என்றாளாம். என்னிடம் கேட்டு அல்ல, பார்த்த பிறகு சொல்கிறான்.

"எப்படா போகலாம்? பெட்டி கட்டணுமே" என்றேன்.

அவன் சுவரைப் பார்த்தான்.

"நீ வராதண்ணே."

"என்ன?"

"நீ வந்தா நீதான் பாத்துக்குவ. உன்னால சும்மா இருக்க முடியாது. மறுபடி இதே மாதிரி ஆயிடும். வா, வாரத்துக்கு ஒரு தடவை வா. சாப்புட்டுட்டுப் போ. விருந்தாளியா வா."

விருந்தாளி.

பங்குனி 14, வெள்ளி

வார்டு ஆபீஸ். காளியின் பேரை எங்கள் குடும்பப் பட்டியலிலிருந்து எடுத்து தாகேதாவில் சேர்க்க வேண்டும். அது ஆகாமல் வீட்டுக்காரர் சாவி கொடுக்கமாட்டாராம். பேர் மாறாமல் தங்கினால் விருந்தாளி என்று வார்டு ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த வம்பெல்லாம் தன்னால் முடியாது என்கிறாராம்.

காளியை மியோ தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தான். மேசைக்காரர் பட்டியலைப் பிரித்தார். "குடும்பத் தலைவர் யாரு? நீங்களா? கைநாட்டு வைங்க" என்றார். மைப் பெட்டியைத் தள்ளினார்.

என் கட்டை விரலை உள்ளே மடக்கிக்கொண்டேன்.

"ஊலே?"

"நாளைக்கு வரேன்" என்றேன்.

"நாளைக்கு சனி."

"அப்போ திங்கக்கிழமை."

மியோ என்னைப் பார்த்தான். காளி பார்க்கவில்லை. வழியெல்லாம் சைக்காவில் அவன் முன்னே, நான் பின்னால் நடந்து. பசுந்தாங் மார்க்கெட் வாசலில் சைக்கா நிற்கும் என்று நினைத்தேன், என்னை ஏற்றிக்கொள்ள. நிற்கவில்லை.

வீட்டில் கெஞ்சுவான் என்று காத்திருந்தேன். கெஞ்சியிருந்தால் திட்டியிருப்பேன், திட்டிவிட்டுக் கைநாட்டு வைத்திருப்பேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்.

"நீ வைக்காட்டி நான் இங்கதான் கெடப்பேன். எங்க போவேன்? உனக்குத் தெரியும்ல. அதான் வைக்கல."

இதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பங்குனி 16, ஞாயிறு

மியோவுக்கு இன்று லீவு. மாமியார் வீட்டில் சாவு, பகோ ஊருக்குப் போயிருக்கிறான்.

உள்ளுக்குள் சந்தோஷம். தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்கினேன். காளியைத் தூக்கிக் குளியலறைப் பலகையில் உட்கார வைத்தேன். தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்தது, காட்டிக்கொள்ளவில்லை. தோளெல்லாம் எலும்பு, எனக்கு ஒவ்வொரு எலும்பும் தெரியும். இடது விலாவில் மச்சம்.

குவளையில் மொண்டு தலைக்கு மேலே தூக்கினேன். அந்தப் பையன் கேட்டது ஞாபகம் வந்தது. சரி, நானும் கேட்கிறேன், எனக்கென்ன குறைச்சல்.

"ஊத்தவா?"

"வேண்டாம்."

நான் சிரித்தேன். விளையாடுகிறான் என்று.

"வேண்டாம்ணே. இன்னிக்கு ஈரத் துணியால தொடச்சிக்கிறேன். நாளைக்கு மியோ வருவான்."

குவளை தலைக்கு மேலே. குவளை சாய்ந்து தண்ணீர் என் முழங்கை வழியாக என் கைலியில் ஒழுகியது. அவன் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. ஊற்றியிருக்கலாம். எத்தனையோ நாள் அப்படித்தானே, மூக்கை மூடிக்கொள் என்று கூடச் சொல்லாமல். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் ஊற்றுவேன் என்றுதான் மூடியிருந்தான்.

தண்ணீரை வாளியிலேயே திரும்ப விட்டேன்.

அவன் கண்ணைத் திறந்து பார்க்க ரொம்ப நேரம் ஆயிற்று. துணியை நனைத்துக் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பிடவில்லை. பசி இல்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தம், தண்ணீர்த் திருவிழாப் பாட்டு.

பங்குனி 17, திங்கள்

வைத்தேன்.

மேசைக்காரர் விரலைப் பிடித்து உருட்டினார். "இன்னும் அழுத்துங்க ஊலே, ரேகை விழல" என்றார். மூட்டை தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்துவிட்டது. மூன்றாம் தடவைதான் விழுந்தது.

மத்தியானமே கிளம்பிவிட்டான். நான் கட்டி வைத்தது: பாய் இரண்டு, போர்வை, வேட்டி, அம்மா போட்டோ, சோற்றுப் பானை, முருகன் படம், தைலம், கைலி ஆறு. அவன் எடுத்துக்கொண்டது: கைலி, அம்மா போட்டோ, பழைய பேப்பர்க் கட்டு. பரணில் இருந்த ஙப்பி ஜாடியையும் கேட்டான். இறக்கிக் கொடுத்தேன்.

மியோ முதுகில் ஏற்றிக்கொண்டான். முதல் வளைவில் காளி திரும்பினான்.

"அண்ணே, சாப்புடு."

"ம்."

"ஞாயித்துக்கிழமை வா. மீன் ஆக்கச் சொல்றேன்."

"விரதம்டா" என்றேன். வாயில் வந்துவிட்டது.

"உத்திரம் நாளைக்கு முடிஞ்சிடும்ல. அப்புறம் என்ன?"

சிரித்தான். இறங்கும் சத்தம் கேட்டது. கீழே ஜமால் பாய் ஏதோ கேலி பேசினார், காளி பதில் கேலி பேசினான். சைக்கா மணி. அப்புறம் தெருச் சத்தம்தான்.

ஒரு ஆள் படுத்த இடம் தரையில் வெள்ளையாகத் தெரிகிறது. மற்ற இடம் கறுப்பு.

பங்குனி 18, செவ்வாய். உத்திரம்

காவடி எடுக்கவில்லை. கோயில் கமிட்டிக்காரர் கேட்டார், உடம்பு சரியில்லையா என்று. ஆமாம் என்றேன். மாலையைக் கழற்றிக் கொடுத்தேன்.

கூட்டம். மேளம். இளவட்டங்கள் தமிழில் அரோகரா, பர்மாவில் பேச்சு. தார் ரோடு கால் சுட்டது. என் தோளில் ஒன்றும் இல்லாததால் நடை எப்படியோ இருந்தது, குடித்தவன் மாதிரி.

வந்ததற்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்று தட்டு வாங்கினேன். தேங்காய், பழம், வெற்றிலை. வரிசையில் நின்று வந்தது. பூசாரி சின்னப் பிள்ளை, புதுசு.

"யார் பேருக்கு?"

காளியப்பன், கேட்டை நட்சத்திரம். அறுபது வருஷமாக நாக்கில் இருக்கிறது. பாதி வந்துவிட்டது, கா என்று. விழுங்கினேன்.

"சீக்கிரம் சொல்லுங்க தாத்தா. யாருக்கு?"

"எனக்கு."

"பேரு?"

"ராமசாமி."

"நட்சத்திரம்?"

நான் பிறந்தது மழைக்காலம், ஓடை பொங்கி வீட்டுக்குள் வந்த வருஷம் என்று மட்டும் அம்மா சொல்வாள். நட்சத்திரம் சொன்னதில்லை. யாரும் எனக்கு அர்ச்சனை செய்ததில்லை, கேட்க வேண்டி வந்ததில்லை.

"தெரியல" என்றேன்.

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கிட்டே கொண்டுவந்தார். பின்னால் தள்ளினார்கள். மறுபடி சொன்னேன்.