சொட்டுச் சொட்டாகப் புகட்டியவளுக்கு

என் வசந்தி,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் படத்துக்கு முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதினால் கேட்பாய்தானே? நம் தர்ஷினி பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். உன்னைப் போலவே சாப்பாட்டில் மிளகாயைப் பொறுக்கி ஓரம் வைக்கிறாள். ஆனால் போன மாதம் ஒரு சாயங்காலம், அவளும் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று நடுங்கிவிட்டேன்.

நம் பாரிவாக்கம் இப்போது நீ பார்த்தது போல இல்லை. காலி மனையிலெல்லாம் வீடு எழும்புகிறது. கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்தவர்கள் ஏரிக்கரையோரம் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் குரல் பதிவு வரும். யார் பேசியது, எந்த ஊரில் நடந்தது, ஒன்றும் இருக்காது. கேட்டவர்கள் அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வண்டியில் திரும்பினேன். தெருமுனையில் கூட்டம். நடுவில் ஒரு கட்டட வேலைக்காரர், சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு நிற்கிறார். வாயைத் திறந்தால் இந்திதான் வருகிறது. எதிர் வீட்டுக் கல்பனாவின் சின்னப் பெண்ணை அவர் கையிலிருந்து பிடுங்கி யாரோ இடுப்பில் வைத்திருந்தார்கள். குழந்தை அலறியது. பக்கத்து வீட்டுப் பாபுவின் கையில் இரும்புக் கம்பி. கம்பிக்கும் அந்த ஆளுக்கும் நடுவில், பள்ளிச் சீருடையோடு தர்ஷினி.

"நவுரு பாப்பா. இவன் புள்ள புடிக்கிறவன்" என்றான் பாபு.

"நீங்க பாத்தீங்களா அண்ணா?"

"இன்னா பாக்கணும்? குரூப்புல வந்துகினே கீது, நீ படிக்கலியா?"

"குரூப்புல வந்தத கேக்கல. இவரு புள்ளையத் தூக்குனத நீங்க பாத்தீங்களா?"

"தோ, கையில வச்சிகினு வந்தான், பாத்தேன். போதுமா?"

"எந்தப் பக்கம் வந்தாரு? ரோட்டப் பாத்தா, ஊட்டப் பாத்தா?"

பாபு கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வந்துரும்மா, நமக்கெதுக்கு" என்றேன். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு கல்லை எறிய, அது அவள் காதோரம் பறந்து சுவரில் பட்டு விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, வசந்தி. அவளை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நான் முன்னால் நின்றேன். அந்த நிமிஷம் நான் காப்பாற்ற நினைத்தது என் பெண்ணைத்தான், அந்த மனிதரை அல்ல. உன்னிடம் பொய் சொல்ல முடியுமா?

அப்போதுதான் இஸ்திரி வண்டி மல்லிகா வாயைத் திறந்தாள். "ஏரிக்கரையிலேர்ந்து உள்ளாறதான் தூக்கிகினு வந்தாரு. நான் பாத்தேன். அடிக்க ஆரம்பிச்சதும் பயத்துல சொல்லல."

கூட்டத்தின் சத்தம் இறங்கியது. கல்பனா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். குழந்தை ஆட்டுக்குட்டி பின்னால் ஏரிப் பக்கம் போயிருக்கிறது. தண்ணீர் ஓரம் நின்றதைப் பார்த்து அந்த மனிதர் தூக்கி வந்திருக்கிறார். போலீஸ் வருவதற்குள் பாதிப் பேரைக் காணோம். வீட்டுக்கு வந்த தர்ஷினி பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தாள்.

விஷயம் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. அவளுடைய தமிழ் டீச்சர் என்னைப் பார்த்ததும், "பிள்ளைக்கு நல்லதைப் புகட்டியிருக்கீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவளிடம் கேட்டேன், புகட்டுவது என்றால் என்ன என்று. பரீட்சைக்குச் சொல்வது போல ஒப்பித்தாள். "போதிக்கிறது, கற்பிக்கிறது, ஊட்டுறது, பதிய வெக்கிறது. எல்லாம் ஒண்ணுதாம்பா, ஒரே மார்க்குதான்."

ஒன்றா அது? போதித்தது நான். வம்புக்குப் போகாதே, வாயை மூடிக்கொண்டு வா என்று நாள் தவறாமல் சொன்னவன் நான்தான். புகட்டுவது வேறு. அதை நான் பார்த்திருக்கிறேன். குறை மாதத்தில் பிறந்து பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தாளே, அப்போது நீ பாலாடைச் சங்கில் புகட்டினாய். அவசரப்பட்டு நான் சாய்த்தபோது என் கையைத் தட்டிவிட்டாய். "ஊத்தாதீங்க, பொறையேறிடும். நாக்குல படட்டும். அது முழுங்கினப்புறம் அடுத்த சொட்டு."

அதன் பிறகும் நீ அப்படியேதான் செய்தாய், இல்லையா? மேல் வீட்டுக்காரியைப் பற்றி நான் ஏதோ சொன்னால், "நீங்க பாத்தீங்களா?" என்பாய். கூடப் படிக்கிறவள் பென்சிலைத் திருடிவிட்டாள் என்று இவள் அழுதுகொண்டு வந்தால், "நீ பாத்தியா?" என்பாய். அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது. வெங்காயம் நறுக்கப் போய்விடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். அவள் உள்ளே ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அன்று அவள் கை குளிர்ந்தது என்னால். கால் நின்றது உன்னால்.

கதை அதோடு முடியவில்லை. அந்த மனிதருக்கு விலா எலும்பு முறிந்திருந்தது. போலீஸ் தர்ஷினியை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டது. முந்தின நாள் பாபுவின் அண்ணன் வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"அண்ணாத்தே, பாப்பா அடிச்சத பாக்கலன்னு சொல்லட்டும். அக்கம்பக்கத்துல கீறோம். நாளைக்கும் மூஞ்சில முழிக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னான். சொல்லும்போது அவன் பார்த்தது என்னை அல்ல, அவளை. அவன் போன பிறகு நான் கதவைத் தாழ் போட்டேன். பாக்கலன்னே சொல்லிரும்மா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆனா நான் பாத்தேனேப்பா" என்றாள்.

மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பாபு கம்பியால் அடித்ததை, தான் பார்த்ததை மட்டும் சொன்னாள். மற்றவர்கள் சொன்ன எதையும் சேர்க்கவில்லை. இன்னும் யார் அடித்தார்கள் என்று கேட்டபோது, "கூட்டத்துல தெரியல சார்" என்றாள்.

பாபுவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் மனைவி எங்களைக் கண்டால் எச்சில் துப்புகிறாள். தெருக் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நேற்று என் வண்டி டயரை யாரோ கிழித்திருந்தார்கள். கல்பனா மட்டும் எங்கள் வாசல் மதில் மேலாக ஒரு கிண்ணம் பாயசம் நீட்டிவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினாள்.

இன்று காலையில் தர்ஷினி கேட்டாள். "ஊடு மாத்திடலாமாப்பா? மாங்காடு பக்கம் போயிடலாமா?" பின்வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறாளாம், எத்தனை நாளாகவோ. என்னிடம் சொல்லவில்லை.

எனக்கும் பயம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பயத்தை இனி ஒரு சொட்டுகூட அவளுக்கு நான் கொடுக்க மாட்டேன். வீட்டைக் காலி செய்யவும் மாட்டேன். நாளையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அவளோடு நானும் நடப்பேன், பாபு வீட்டு வாசல் வழியாகவே.

உன் பெண்ணிடம் இப்போதுதான் பாடம் கேட்கத் தொடங்கியிருக்கும்,
உன் வீட்டுக்காரன்