துறைமுகத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும்

என் லில்லிக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உன்னைப் பிள்ளே என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். நாலு பேர் கண்ணில் படக்கூடிய கடிதத்தில் அப்படி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிட? பிள்ளே, நம்முடைய விசா பேப்பரை நான் கெடுக்கப் பார்த்தேன். திட்டாமல் முழுதாகக் கேள்.

போர்ச்சுகல் போகலாம் என்று நீ பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தது, நாம் அஜ்மானுக்குக் குடிவந்த வருடம். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து ஷார்ஜாவிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "அட்லாண்டிக் கடலுங்க. பாறையும் அலையுமா, ஊரு ஊரா மீன்புடிக்கிற ஊருதான். பஸ்ஸுலயே போயிரலாம், செலவு கம்மி" என்றாய்.

நான் சிரித்தேன். பதினாறு வயதில் கடலில் இறங்கியவன், இங்கே வந்தும் படகு இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவன். "கடலப் பாக்கதுக்கு எவனாவது லீவு எடுப்பானா பிள்ளே?" என்று கேட்டேன்.

"நீங்க கடல எங்க பாத்தீங்க? வலையையும் இன்ஜினையும்லா பாத்தீங்க" என்றாய். அதற்கும் சிரித்தேன்.

லீவு என்றால் ஊர். இங்கே யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு லீவு உன் தம்பி கல்யாணத்துக்குப் போனது. ஒன்று வீட்டுக்கு மாடி எடுப்பதற்கு, ஒன்று அப்பாவின் அடக்கத்துக்கு. கடைசி லீவு உன் சிகிச்சைக்கு. உன்னை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு நானும் மகள் ஷெரினும் மட்டும் விமானம் ஏறி ஒன்றரை வருடம் ஆகிறது.

நம் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், தெரியுமா? ஆகஸ்டில் கோயம்புத்தூரில் காலேஜ். அதற்குப் பிறகு அவள் லீவும் என் லீவும் ஒன்றாக வரப்போவதில்லை. அவள்தான் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள், "அம்மாவோட ட்ரிப்ப நாம போலாமாப்பா?" என்று. சரி என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத சரி.

திட்டம் போடுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். கடல் எனக்குத் தெரியாதா? எந்த ஊரில் பெரிய துறைமுகம், எங்கே சாளை மீன் வந்து இறங்கும், எங்கே ஏலம், எங்கே படகு பழுது பார்க்கிற இடம் என்று பார்த்துப் பார்த்துப் பத்து நாளையும் நிரப்பினேன். தங்குவதற்கு மீன் சந்தை பக்கத்திலேயே அடுக்களை உள்ள மலிவு அறை. மீன் வாங்கி நாமே பொங்கித் தின்றால் செலவு குறையுமே.

அதை எடுத்துக்கொண்டு, விசா மனு டைப் அடித்துத் தருகிற டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற கீழக்கரைத் தம்பி பாதி தட்டியதும் கையை எடுத்துவிட்டார்.

"அண்ணே, நீங்க டூர் போறீங்களா, இல்ல வேல தேடிப் போறீங்களா?"

"டூருதான் தம்பி."

"பாஸ்போர்ட்ல ஒட்டியிருக்கிற பழைய விசால தொழில் மீன்புடி. இப்ப போட் மெக்கானிக். பத்து நாளும் ஹார்பர். இத பாத்தா எவன் விசா குடுப்பான்? அங்கேயே எறங்கி எதாச்சும் போட்ல ஏறிருவீங்கன்னுல நெனப்பான்."

ஒருமுறை மறுத்துவிட்டால் மறுபடி போட்டு முடிப்பதற்குள் ஆகஸ்ட் வந்துவிடும். ஷெரின் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இது ஹாலிடே இல்ல, ஹார்பர் லிஸ்ட்" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மா டைரில பிளான் இருக்கு. நீங்கதான் தொடவே விட மாட்டேங்கிறீங்க" என்றாள்.

உண்மைதான். உன் கையெழுத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. டியூட்டி நேரம் குறித்து வைக்கிற அந்த நீல டைரியை அன்று சாயங்காலம் அவள்தான் திறந்து படித்தாள். நான் பால்கனி பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

ஜூலையில் அறை வாடகை ஏறும், ஜூனிலேயே போக வேண்டும். லிஸ்பனிலிருந்து வடக்கே போகும்போது கடல் இடது பக்கம், பஸ்ஸில் இடது ஜன்னல் பிடிக்க வேண்டும். இவர் கருவாடு ஒளித்துவைப்பார், பெட்டியின் அடியில் பார்க்க வேண்டும். அந்த வரியைப் படித்ததும் ஷெரின் என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் பெட்டியின் அடியிலிருந்து நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். எப்படி பிள்ளே கண்டுபிடித்தாய்?

ஒவ்வொரு ஊரின் பெயருக்கும் கீழே எழுதியிருந்தாய்: "துறைமுகம், விசிட்டிங் டைம் ஒரு மணி நேரம் மட்டும்." ஆஸ்பத்திரிப் புத்தி! இருவரும் சிரித்தோம். உன்னைக் கொண்டுபோய் வைத்த பிறகு இந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

கடைசி நாளுக்கு நாசரே என்ற ஊரைப் போட்டிருந்தாய். பாறை மேல் கலங்கரை விளக்கம். அதன் கீழே நாலு வரி. ஷெரின் படிக்க முடியாமல் டைரியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"இவரை இங்கே உட்கார வைக்கணும். படகைப் பற்றிப் பேச விடக் கூடாது. கல்யாணமான புதிதில் காற்று அடிக்கும்போதெல்லாம் நான் கரையில் நின்று பார்த்த கடலை, இவரும் ஒருநாள் பார்க்கட்டும்."

நான் கரையேறிய எத்தனையோ நாள் நீ மணலில் நின்றிருக்கிறாய். உன் கையில் கூடையைக் கொடுத்திருக்கிறேன், பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று ஒருநாளாவது கேட்டேனா?

உன் திட்டத்தை அப்படியே டைப் அடிக்கக் கொடுத்தோம். கீழக்கரைத் தம்பி ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் வந்தது, இரண்டிலும் விசா இருந்தது. ஷெரின் கத்திய கத்தலில் பக்கத்து ஃபிளாட் எகிப்துக்காரர் ஓடிவந்துவிட்டார்.

அடுத்த வாரம் கிளம்புகிறோம் பிள்ளே. இடது ஜன்னலை மகளுக்குக் கொடுப்பேன். துறைமுகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க மாட்டேன். நாசரே பாறையில் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன், எந்தப் படகின் இன்ஜின் இருமினாலும் காதைக் கொடுக்க மாட்டேன். நீ வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை கரையில் நின்று பார்த்திருப்பது என் முறை.

உன் வீட்டுக்காரன்,
ஷெரினின் அப்பா