சிவப்பு நூல் கட்டிய பத்து நிமிடம்

அன்று அந்த வகுப்பில் இருந்தவர்கள்: நாற்காலியில் விரிவுரையாளர். முன்வாங்கில் பாண்டிருப்புத் தங்கமலர், பக்கத்தில் காரைதீவு யோகராணி. ஜன்னலோரம் வரிப்பத்தான்சேனை இஸ்மாயில். மணியை முன்னால் வைத்துக்கொண்டு நம் மாமா மகன் ஜவ்பர். கரும்பலகையருகே நீ. துணைக்கு வந்தவளென்று கடைசி வாங்கில் நான், மடியில் நான் நெய்த ஒரு சாரன்.

இன்று உன் பெட்டியைத் திறந்தேன், தங்கச்சி. பூச்சி உருண்டை மணத்துக்கு அடியில் அந்தச் சாரன் கிடந்தது. ஓரத்தில் நான் கட்டிய இரண்டு சிவப்பு நூலும் அவிழவில்லை. நீ அதை யாருக்கும் உடுக்கக் கொடுக்கவில்லை என்பது இன்றுதான் எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம். ஆசிரியர் பயிற்சியில், கொடுத்த ஆய்வுக் கட்டுரையை வாசித்துப் பத்து நிமிடம் வகுப்பில் பேச வேண்டும். உனக்கும் ஜவ்பருக்கும் ஒரே கட்டுரை. நம் கரையோர நெசவைப் பற்றியது. எழுதியவர் நம் தெருவுக்குள் வந்தவரில்லை. "பெண்கள் நூல் சுற்றுவார்கள், தறியில் இருப்பவர்கள் ஆண்கள்" என்று அதில் இருந்தது. நீ அதை வாசித்துக் காட்டியபோது நான் தறியில் இருந்தேன்.

"அப்ப எனக்கு மீசை முளைச்சிரிக்கா?" என்றேன்.

நீ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தாள்கள் விழுந்தன. "கடைசியில அதைத்தான் சொல்லப்போறன் ராத்தா. கட்டுரை பிழை, தறியில இரிக்கிறது எங்கட ராத்தா, இந்தா இரிக்கா எண்டு. நீங்க உடனே எழும்பிச் சாரனை விரிச்சுக் காட்டணும்."

வீட்டில் மணிக்கூடு இல்லை. வானொலியில் செய்தி பத்து நிமிடம். செய்தி தொடங்கும்போது நான் நெய்யும் துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல், முடிந்ததும் இன்னொன்று. அந்த நீளத்துக்கு ஓர் ஈர்க்கை முறித்து வைத்தேன். ஒவ்வொரு நாளும் நான் ஈர்க்களவு நெய்து முடிப்பதற்குள் நீ பேசி முடிப்பாய். ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். ஆனால் உன் பேச்சு ஒரு சொல் விடாமல் எனக்குப் பாடம். ஜவ்பரும் இரண்டு மாலை வந்து, கதவு நிலையில் சாய்ந்து, உம்மா ஊற்றிய தேநீரைக் குடித்தபடி கேட்டான்.

அடுத்துப் பேசுகிறவர்தான் மணியடிக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம். உனக்கு அடுத்தவன் அவன். "ஆனால் இந்தக் கட்டுரையில்" என்று நீ தொடங்க, நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தேன். மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சு" என்றான், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

"கட்டுரையில இருந்ததைத்தானே சொன்னீர். உம்முடைய கருத்து எங்கே?" என்று கேட்டு விரிவுரையாளர் உன்னை இருத்திவிட்டார்.

பிறகு ஜவ்பர் எழும்பினான். "இந்தக் கட்டுரை பிழை, சேர். எங்கட மாமி வீட்டிலயே பொம்புளதான் தறியில இரிக்கா." எல்லோரும் கைதட்டினார்கள். பின்வாங்கில் இருந்த என்னை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. மடித்த சாரன் மடித்தபடியே இருந்தது.

பஸ்ஸில் நீ மெல்லச் சொன்னாய்: "என்ட கதையைக் கேட்டுக் கேட்டுத் தறியில கையைத் தளர்த்திட்டீங்க போல ராத்தா. அளவு பிழைச்சிட்டு." உன் தோல்விக்கு என் கைதான் காரணமோ என்று அன்றிரவு நான் சோறு தின்னவில்லை.

மறுநாள் செய்தி தொடங்கியதும் உன் பேச்சை முதல் சொல்லிலிருந்து சொன்னேன், நீ பேசுவது போலவே நிறுத்தி நிறுத்தி. உன் கடைசிச் சொல்லையும் சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் போட்ட பிறகும் செய்தி முடியவில்லை.

"கேட்டியா?" என்றேன்.

நீ எழும்பி வானொலியை நிறுத்தினாய். "விடுங்க ராத்தா. நம்மட மாமாட மகன்."

விட்டது நீ. முப்பது வருடம் படிப்பித்தாயே, ஒரு நாளாவது காலைக்கூட்டத்தில் ஒலிவாங்கி முன் நின்றாயா? "எனக்கு நேரம் காணாது" என்று மற்றவர்களை அனுப்பிவிடுவாயாம். உன்னோடு படிப்பித்தவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் ஜனாஸாவைத் தூக்குமுன் வாசலில் ஒரு குரல் சனத்திடம் கேட்டது: "மௌத்தானவங்க ஆருக்கும் குறை வெச்சிருந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க." குடும்பத்து ஆண் ஒருவர் கேட்பது நம் வழக்கம். உள்ளே பெண்களோடு இருந்த எனக்குக் குரல் தெரிந்தது. உனக்காகப் பொறுதி கேட்க அவனா! "பொறுத்தோம், பொறுத்தோம்" என்றது சனம்.

சாரனை என் பெட்டிக்கு மாற்றிவிட்டேன். நூலை அவிழ்க்கவில்லை. கட்டுரை எழுதியவரைப் பொறுத்தேன். விரிவுரையாளரைப் பொறுத்தேன். கைதட்டிய மூவரையும் பொறுத்தேன். நாளைக்கு அவன் வாசலிலும் யாரோ நின்று இதையே கேட்பார்கள். ஊரே பொறுக்கட்டும். நான் பொறுக்காத ஆள் ஒருவன்தான்: மாமா மகன் ஜவ்பர்.