சித்தப்பா சேர்த்த எட்டாவது தட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் இருக்கும் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு, மனசு வராவிட்டால் துணிகளுக்கு அடியில் வை. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதமும் இதே உறையில்தான் இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம், ஈரத் தலையோடு தூங்காதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, பட்டறையில் புது லேத் வந்திருக்கிறது, இருமல் பரவாயில்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். போனில் பேசினால் நீங்கள் இருவரும் மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை போடுவீர்கள், கடிதமென்றால் எதிர்த்துப் பேசாது என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அது நேற்று எழுதியது. இன்று இங்கே யாரும் சுகமில்லை, அப்பாவின் இருமலும் பரவாயில்லை என்று சொல்வதற்கில்லை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி. நான் கதவைத் தாழ் போட்டுவிட்டு, விளக்கைத் தரையில் இறக்கிவைத்து எழுதுகிறேன். சித்தப்பா கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறார். உன் ஹார்டு டிஸ்க் என் தலையணை உறைக்குள் இருக்கிறது, அவர் கையில் கிடைத்தால் நீ போட்ட பாட்டெல்லாம் போச்சு, வேறு பிரதி கிடையாது என்று நீதானே சொன்னாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ போனபிறகு உன்மேல் எனக்குக் கோபம், அதனால் உன் ஹெட்போனைத் தொடவே இல்லை. பரீட்சைக்கு முன்னால் டிஸ்க்கில் மேத் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, சரி, கணக்குப் பாடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று திறந்தேன். கிதார் சத்தம் வந்தது, மேத் ராக் என்று அது ஒரு பாட்டு வகையாம். படியிறங்கும்போது இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து அது இல்லாமல் போனால் வயிறு ஒருமாதிரி ஆகுமே, ஒவ்வொரு சுற்றுக்கும் அப்படி ஆனது. எரிச்சலில் மூடிவிட்டேன். மறுநாள் பல் தேய்க்கும்போது கை தானாக அந்தக் கணக்கில் போனது. அப்புறம்தான் புரிந்தது, படி காணாமல் போவது எப்போதும் ஒரே இடத்தில், தெரிந்துகொண்டால் அங்கே குதிக்கலாம். பக்கத்திலிருந்த போஸ்ட் ராக் ஃபோல்டரில் இன்னும் மோசம், வார்த்தையே கிடையாது, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தே பாதி போய்விட்டது. குக்கர் விசில் வரப்போகிற நேரம் சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி அதே இரண்டு சுரம் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தபோது நான் அழுதுவிட்டேன், எதற்கென்று கேட்காதே. கடைசியில் உன் பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தேன். நீ என் கதவைத் தட்டுவாயே, கதவு என்று மூன்று, தொறடிமா என்று நாலு, அப்பாகூட "கதவு என்ன மேளமாடி, ஒழுங்கா தட்டத் தெரியாதா?" என்று கத்துவாரே, அந்த ஏழின்மேல் ஒரு முழுப் பாட்டே கட்டி வைத்திருக்கிறாய். எனக்குச் சொல்லவே இல்லை.

பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்கு எடுத்துப்போகிறேன் என்று சித்தப்பா டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துப்போனார். எங்கள் ஸ்கூலில் சித்தப்பாதானே பாட்டு சார், அடுத்த மாதம் பேண்டுக்கு 'பாட்டு சார் போட்ட புது ட்யூன்' வந்தது. உன்னுடையதுதான் அக்கா, ஆனால் அணிவகுப்புக்குக் கால் ஒத்துவர வேண்டுமென்று ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு தட்டைச் சேர்த்து எட்டாக்கி, கடைசி சுரத்தை ரப்பர் மாதிரி இழுத்துவிட்டிருந்தார். பெரிய டிரம் என்னுடையது. ஒத்திகையில் என் கை அறியாமல் ஏழில் போய்விட்டது. குச்சியைப் பிடுங்கி எறிந்தார். "எண்ணத் தெரியாத கழுத, அக்கா புத்தி அப்படியே வந்திருக்கு, அவளும் ஒண்ணுக்கும் ஆகாமத்தான ஓடிப்போனா" என்றார், எல்லோர் முன்னாலும். பொறுக்கிக்கொள்ளக் குனிந்தபோது கண்ணில் தண்ணீர் வரவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், இவரை இவர் சேர்த்த தட்டிலேயே விழவைப்பது என்று. டிஸ்க்கை அவர் பையிலிருந்து திரும்ப எடுத்தேன். பேண்டில் டிரம்பெட் வாசிக்கிற மூன்று பேரை மட்டும் கூட்டி, ஹெட்போனை மாற்றி மாற்றிக் கொடுத்து உன் பாட்டைக் கேட்கவைத்தேன். ஒருத்தி, "ஏய், இது நொண்டற பாட்டுடி" என்றாள். மறுநாள் அவளே, "நொண்டல, ஆடுது" என்றாள்.

இன்று சாயங்காலம் ஆண்டு விழா. அப்பா பட்டறைச் சட்டையோடே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா கையை உயர்த்தினார், நான் ஏழில் அடித்தேன். டிரம்பெட் மூன்றும் அந்த ரப்பர் சுரத்தை விட்டுவிட்டு என்னோடு வந்தன, மற்றவர்களும் வேறு வழியில்லாமல் வந்தார்கள். பாட்டு பறந்தது அக்கா. அவர் கை மட்டும் எட்டுக்குப் போய்க் காற்றில் விழுந்து, மறுபடி விழுந்து, கொசு அடிக்கிற மாதிரி ஆனது. ஜனங்கள் சிரித்தார்கள். முடிந்ததும் தலைமை ஆசிரியை மேடைக்கு வந்து அருமையான ட்யூன், சாருக்கு வாழ்த்து என்றார். நான் மைக்கிடம் போய் எங்கள் அக்கா போட்டது என்று சொல்லிவிட்டேன். "சின்னப் பொண்ணு, உளறுது" என்று சித்தப்பா சிரித்தார். "உங்க பாட்டுதான சார், இப்ப மறுபடி வாசிக்கிறோம், நீங்க கை மட்டும் தட்டுங்க" என்றேன். ஊரே பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தட்டினார். இரண்டாவது சுற்றிலேயே தொலைந்துபோனார். மூன்றாவதில் கையை மடித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. இன்னொரு தடவை மேடை கிடைத்தால் இன்னும் வேகமாக அடிப்பேன்.

நாளைக் காலை ஆதாரத்தோடு வா என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார், அதனால்தான் சித்தப்பாவுக்கு டிஸ்க் வேண்டும். கதவை இரண்டு தடவை தட்டிவிட்டார், ஒரே சீராக, நாலு நாலாக. "மரியாதையா குடுத்துடு, குடும்ப மானத்தச் சந்தி சிரிக்க வச்சுட்ட" என்கிறார், திருடும்போது அந்த மானம் எங்கே போயிருந்ததோ. அப்பா வந்ததும் முற்றத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். தம்பியா மகளா என்றால் அவர் யார் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த பயம்தான் பெரிய பயம். நாளைக்கு டிஸ்க்கைக் காட்டிச் சமாளிக்கிறேன், இது கிடைத்ததும் நீ எப்படியாவது தலைமை ஆசிரியைக்கு எழுது. மறந்துவிடாதே, எந்த வருஷம் போட்டாய் என்பதையும் எழுது. நீ நன்றாக இரு, பெரியவர்கள் சொல்கிற ஆசீர்வாதத்தை இந்த ஒரு தடவை சின்னவள் சொல்கிறேன், உன் பாட்டு உன் பேரிலேயே

தட்டுகிறார்கள். தலையணையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று. அப்புறம் நாலு. மறுபடி மூன்று, நாலு. அக்கா, இது சித்தப்பா இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கிறது, பட்டறை எண்ணெய் வாசனை, அப்பா